அப்பாவின் ஹெர்குலிஸுக்கு ஃபிக்ஸ்டு சக்கரம்: எந்த ஹப், எந்த ரிம்?

கேள்வி: எனக்கு வீடு குத்தம்பாக்கம். அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை. திருமழிசை, பூந்தமல்லி வழியாகப் போனால் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய இருபது கிலோமீட்டர். அப்பா வைத்திருந்த பழைய 28 இன்ச் ஹெர்குலிஸ் வீட்டில் சும்மா நிற்கிறது. ஃபிரேம் துருப்பிடிக்காமல் உறுதியாக இருக்கிறது, சக்கரங்கள்தான் போய்விட்டன. இதை ஃபிக்ஸ்டு கியர் சைக்கிளாக மாற்றி வாரத்தில் மூன்று நான்கு நாள் வேலைக்குப் போக ஆசை. ஆன்லைனில் 40 மி.மீ. ஆழமுள்ள கலர் ரிம்மோடு 700சி ஜோடிச் சக்கரம் ஒன்று பார்த்தேன். எங்கள் ஊர் சைக்கிள் கடை அண்ணனோ, “அதெல்லாம் வேண்டாம், இருக்கிற ஃப்ரீவீலையே வெல்டு வைத்து ஃபிக்ஸ் பண்ணித் தருகிறேன்” என்கிறார். என் எடை 82 கிலோ. முதுகில் லேப்டாப்பும் சாப்பாட்டு டப்பாவும் இருக்கும். எந்த ஹப், எந்த ரிம் வாங்கட்டும்? பிரேக் இல்லாமல் ஓட்டுகிறார்களே, அது சரியா?

பதில்: இரண்டு யோசனையும் வேண்டாம். அந்தக் கலர் சக்கரத்தை வாங்காதீர்கள். ஃப்ரீவீலில் வெல்டிங்கும் வைக்க விடாதீர்கள். உங்கள் எடைக்கும் உங்கள் சாலைக்கும் ஏற்றது 36 துளையுள்ள டிராக் ஹப்பும், 36 துளையுள்ள, ஆழம் குறைந்த, இரட்டைச் சுவர் அலுமினிய ரிம்மும்தான். அதோடு முன்பிரேக் கட்டாயம். ஏன் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் ஃபிரேமைப் பாருங்கள். ஹப் வாங்குவது அதற்கு அப்புறம்தான். முருகப்பா குழுமமும் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் சேர்ந்து 1949ல் தொடங்கிய டிஐ சைக்கிள்ஸ், நீங்கள் வேலைக்குப் போகும் அதே அம்பத்தூரில் ஹெர்குலிஸ் சைக்கிளைத் தயாரித்தது. இந்த வகை எஃகு ஃபிரேம் ஃபிக்ஸ்டுக்கு இரண்டு விதத்தில் தோதானது. பின் அச்சு உட்காரும் வெட்டு பின்பக்கம் பார்த்துத் திறந்திருக்கும், கூடவே செயின் அட்ஜஸ்டரும் இருக்கும். ஃபிக்ஸ்டில் செயினை விறைப்பாக வைக்கச் சக்கரத்தை முன்னும் பின்னும் நகர்த்தியே ஆக வேண்டும். கியர் சைக்கிள்களில் நேர் செங்குத்தாக வெட்டியிருப்பார்கள், அதில் இந்த வேலை நடக்காது. அடுத்தது, எஃகை விரிக்கலாம். பின் கவைக்குள் அளந்து பாருங்கள். பழைய ரோட்ஸ்டர்களில் பெரும்பாலும் 110 முதல் 114 மி.மீ.தான் இருக்கும். டிராக் ஹப்புக்கு வேண்டியது 120. பக்கத்துக்கு மூன்று முதல் ஐந்து மி.மீ. விரிப்பது எஃகு ஃபிரேமுக்குப் பெரிய விஷயமில்லை. ஆனால் இரண்டு பக்கமும் ஒரே அளவு விரிந்ததா என்று ஹெட் குழாயிலிருந்து நூல் பிடித்துப் பார்க்கத் தெரிந்தவர் செய்ய வேண்டும். அலுமினிய ஃபிரேமில் இதை யாரும் முயலக் கூடாது.

முன் ஃபோர்க்கையும் அளங்கள். இன்றைய முன் ஹப் 100 மி.மீ., பழைய ஃபோர்க் அதைவிடக் குறுகலாக இருக்கும். பழைய அச்சும் மெல்லியது, 5/16 இன்ச், அதாவது எட்டு மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. புது ஹப்பின் முன் அச்சு 9 மி.மீ. வெட்டை அரம் போட்டுக் கொஞ்சம் அகட்ட வேண்டியிருக்கும்.

இனி ரிம்மின் விட்டம். பலரும் இங்கேதான் தவறுகிறார்கள். உங்கள் 28 x 1½ டயர் உட்காரும் விட்டம் 635 மி.மீ. 700சி ரிம்மில் அது 622. ஆரத்தில் பார்த்தால் ஆறரை மி.மீ.தான் வித்தியாசம், ஆனால் டயரின் தடிமனையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். பழைய சக்கரத்தின் மொத்த விட்டம் ஏறக்குறைய 711. அதன் இடத்தில் 28 மி.மீ. டயர் போட்ட 700சி சக்கரம் வைத்தால் 678. சைக்கிள் முழுவதும் 16 மி.மீ. கீழே இறங்கிவிடும், பெடலும் கூடவே இறங்கும். சாதாரண சைக்கிளில் திருப்பத்தில் உள்பக்கப் பெடலை மேலே நிறுத்திக்கொண்டு சாயலாம். ஃபிக்ஸ்டில் சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றிக்கொண்டே இருக்கும். சாய்ந்து திரும்பும்போது அது தரையில் இடித்தால் பின் சக்கரம் தூக்கி எறியப்படும். கரையான்சாவடி திருப்பத்தில், பேருந்துக்குப் பக்கத்தில், அது நடக்கக் கூடாது.

அதனால் 35 மி.மீ. அல்லது 38 மி.மீ. டயர் போடுங்கள். 38 போட்டால் இறக்கம் ஆறேழு மி.மீ.யோடு நின்றுவிடும். நெடுஞ்சாலை சர்வீஸ் ரோட்டின் ஜல்லிக்கும், தோண்டி மூடிய பள்ளங்களுக்கும் அந்த அகலம் எப்படியும் தேவை. டயருக்கு ஏற்ற ரிம்மின் உள் அகலம் 19 முதல் 21 மி.மீ. ரிம்மின் பெயரைக் கேட்பதற்கு முன்னால் இந்த எண்ணைக் கேளுங்கள். பந்தய ரிம்கள் பலவற்றில் 13, 15 என்றுதான் இருக்கும். அதில் 35 மி.மீ. டயர் குடை விரித்ததுபோல் உட்கார்ந்து, திருப்பத்தில் தள்ளாடும்.

அடுத்து ஹப். இதில் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் இருப்பதால் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஃபிக்ஸ்டு ஹப்பில் அடுத்தடுத்து இரண்டு மரைகள் இருக்கும். உள்பக்கம் இருப்பது பல்சக்கரத்துக்கு: 1.37 இன்ச், இன்ச்சுக்கு 24 மரை, வலது சுற்று. அதற்கு வெளியே சற்றுச் சிறிய விட்டத்தில் இன்னொரு மரை, 1.29 இன்ச், இது இடது சுற்று. அதில் ஏறுவதுதான் லாக்ரிங். முன்னோக்கி மிதித்தால் பல்சக்கரம் இறுகும். வேகத்தைக் குறைக்க நீங்கள் பெடலைப் பின்னால் அழுத்தும்போது அது கழலப் பார்க்கும். அப்படிக் கழல முயலும்போது லாக்ரிங்கையும் அதே திசையில் தள்ளும். லாக்ரிங் எதிர்ச்சுற்று மரையில் இருப்பதால் அந்தத் தள்ளல் அதை இன்னும் இறுக்கும். ஃபிக்ஸ்டு கியரின் பாதுகாப்பு முழுவதும் இந்த எதிர்ச்சுற்று மரையில்தான் இருக்கிறது.

உங்கள் ஊர் அண்ணன் சொல்லும் வெல்டிங் முறையில் இந்த இரண்டாவது மரையே கிடையாது. ஃப்ரீவீல் ஹப்பில் ஒரே மரைதான். ஃப்ரீவீலின் உள்ளே வெல்டு வைத்துச் சுற்றாமல் நிறுத்திவிடலாம், ஆனால் அது ஹப்பில் பிடித்திருப்பது அந்த ஒற்றை வலது மரையில்தான். லாரி குறுக்கே வரும்போது முழுப் பலத்தோடு பின்னால் அழுத்துவீர்கள். அந்தக் கணத்தில்தான் அது கழலும், காலுக்குக் கீழே பிடிமானம் போய்விடும். சிலர் பெடல் அச்சுக் கப்பின் லாக்ரிங்கை மேலே திருகி “டைட் பண்ணியாச்சு” என்பார்கள். மரை அளவு பொருந்துவதால் அது ஏறும். ஆனால் அதுவும் வலது சுற்றுதான், பல்சக்கரம் கழன்றால் அதுவும் சேர்ந்து கழலும். வெளிநாட்டு ஃபிக்ஸ்டு ஓட்டிகள் இந்த ஏற்பாட்டைத் தற்கொலை ஹப் என்றே அழைக்கிறார்கள். அண்ணனின் கைத்திறனில் எனக்குச் சந்தேகமில்லை. வெல்டிங் எவ்வளவு நன்றாக இருந்தாலும் மரையின் திசையை அது மாற்றாது.

நீங்கள் வாங்க வேண்டியது ஃபிளிப்-ஃபிளாப் டிராக் ஹப். ஒரு பக்கம் மேலே சொன்ன இரட்டை மரை, மறுபக்கம் ஃப்ரீவீலுக்கான ஒற்றை மரை. சக்கரத்தைக் கழற்றித் திருப்பிப் போட்டால் சாதாரண சைக்கிள். நம் ஊர் 18 பல் ஃப்ரீவீலே அந்தப் பக்கம் ஏறும், மரை அதேதான். நடுவிலே எங்காவது முட்டி வலி எடுத்தாலும் வீடு வந்து சேரலாம். அச்சு 10 மி.மீ. தடிமனில், நட்டு போட்டு இறுக்கும் வகையாக இருக்கட்டும். 15 மி.மீ. ஸ்பேனர் ஒன்று எப்போதும் பையில் இருக்க வேண்டும்.

பேரிங் விஷயத்தில் இரண்டு கட்சி உண்டு. கோன், கப், நடுவில் பால்ரஸ் குண்டுகள் என்ற பழைய முறையை எங்கேயும் திறந்து ஓவராயில் செய்யலாம். ஷிமானோவின் டியூரா-ஏஸ் 7600 டிராக் ஹப் அப்படிப்பட்டதுதான், அருமையான பொருள். ஆனால் ஐப்பசி கார்த்திகையில் தேங்கிய தண்ணீரில் ஓட்டும் சைக்கிளுக்கு அடிக்கடி பிரித்துக் கிரீஸ் வைக்க வேண்டும், கோனை விரல் நுனியில் உணர்ந்து இறுக்கத் தெரிய வேண்டும். உங்களுக்கு நான் சொல்வது மூடிய கார்ட்ரிட்ஜ் பேரிங் ஹப்தான். தைவானின் ஃபார்முலா, நோவாடெக், ஜாய்டெக் போன்றவை போதும். இவற்றில் பலவற்றில் இருப்பது 6000 என்ற எண்ணுள்ள சாதாரண பேரிங்: உள் துளை 10 மி.மீ., வெளி விட்டம் 26, அகலம் 8. மோட்டாரிலும் மின்கருவியிலும் போடும் அதே அளவு. நீங்கள் வேலை செய்யும் எஸ்டேட்டைச் சுற்றியுள்ள எந்த பேரிங் கடையிலும் கிடைக்கும். இரண்டு பக்கமும் ரப்பர் மூடி உள்ள 2ஆர்எஸ் வகையாகக் கேளுங்கள். வாங்கும்போதே ஹப்பில் என்ன எண் பேரிங் என்று கேட்டு எழுதி வையுங்கள். எண் சொல்ல முடியாத விற்பவரிடம் வாங்காதீர்கள்.

ஹப்பின் பக்கத் தட்டு பெரிதா சிறிதா என்று நண்பர்கள் விவாதிப்பார்கள். அது கண்ணுக்கு மட்டும்தான், விலை குறைவானதை எடுங்கள்.

ரிம்முக்கு வருவோம். 40 மி.மீ. ஆழமான அலுமினிய ரிம் எடை கூடியது. செம்பரம்பாக்கம் ஏரிப் பக்கத்துத் திறந்த வெளியில் காற்று பக்கவாட்டில் அடிக்கும்போதும், கண்டெய்னர் லாரி உரசிப் போகும்போதும் முன் சக்கரத்தை இழுக்கும். இதைவிடப் பெரிய தொல்லை வால்வு. அவ்வளவு ஆழத்துக்கு நீளமான மெல்லிய வால்வு வைத்த டியூப் தேவை. அது திருமழிசையில் பஞ்சர் ஆனால் அங்கே கிடைக்காது, பெட்ரோல் பங்கில் காற்றும் பிடிக்காது. வாங்கும் ரிம்மில் வால்வுத் துளை எட்டரை மி.மீ. உள்ளதா என்று பாருங்கள். மோட்டார் பைக் வால்வு அதில் நுழையும், நம் ஊர் சாதாரண சைக்கிள் வால்வும் நுழையும். ஆறரை மி.மீ. துளை மெல்லிய வால்வுக்கு மட்டும்தான்.

அந்தக் கலர் ரிம்மில் இன்னொரு குறை: பிரேக் கட்டை உரசும் பக்கச் சுவரிலும் பெயின்ட். பிரேக் பிடிக்கும் பக்கம் கடைசலில் சீவிய பளபள அலுமினியமாக இருக்க வேண்டும். பெயின்ட் உரியும்வரை பிரேக் சரியாகப் பிடிக்காது, மழையில் இன்னும் மோசம். உங்கள் பழைய குரோம் ரிம்மையே வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றினால், ஈரமான குரோமில் பிரேக் கட்டை வழுக்கும் என்பது அப்பாவுக்கே தெரிந்திருக்கும். போதாக்குறைக்கு அந்த ரிம் கம்பி பிரேக்குக்காக வளைக்கப்பட்டது, பக்கச் சுவரில் கேலிப்பர் பிரேக் பிடிக்க இடமே இல்லை.

ஆகவே ஆழம் 20, 25 மி.மீ.க்குள், உள்ளே இரட்டைச் சுவர், முடிந்தால் நிப்பிள் உட்காரும் துளைகளில் உலோக வளையம். பார்க்கப் பழைய மாதிரி என்று தயங்க வேண்டாம். ஜப்பானில் 1948ல் கொக்குராவில் தொடங்கிய கெய்ரின் சைக்கிள் பந்தயத்தில் மரபாக ஓடுவது எஃகு ஃபிரேமும், 36 கம்பி போட்ட ஆழமில்லாத ரிம்மும்தான். பணம் கட்டிப் பந்தயம் பார்க்கும் கூட்டத்துக்கு முன்னால் மணிக்கு 60 கிலோமீட்டரைத் தாண்டும் வீரர்களுக்கு அது போதுமென்றால், பூந்தமல்லி சாலைக்கு அதைவிட வேறு தேவையில்லை.

கம்பி எண்ணிக்கை. பழைய ரோட்ஸ்டரில் முன்னால் 32, பின்னால் 40 போடுவது பிரிட்டிஷ் வழக்கம். டிராக் ஹப்பில் ஒரு நன்மை உண்டு. கியர் சைக்கிளில் பல்சக்கர அடுக்குக்கு இடம் விட, சக்கரத்தை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கட்டுவார்கள். ஒரு பக்கக் கம்பி விறைப்பாகவும் மறுபக்கம் தளர்வாகவும் இருக்கும். 120 மி.மீ. டிராக் ஹப்பில் இரண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே விறைப்பு, அதனால் 32 கம்பியே 70 கிலோ ஆளுக்குத் தாராளம். உங்களுக்கு எடையும் பையும் சேர்ந்து தொண்ணூறை நெருங்கும், சாலையும் அப்படி. இரண்டிலும் 36 போடுங்கள். ஒரு கம்பி அறுந்தாலும் சக்கரம் ஓரளவு நேராக நின்று வேலை நேரத்துக்குள் உங்களைக் கொண்டு சேர்க்கும்.

கம்பி 2 மி.மீ. தடிமன் ஸ்டெயின்லெஸ், நிப்பிள் பித்தளை. முலாம் பூசிய மலிவுக் கம்பி இரண்டு மழைக்காலத்தில் நிப்பிளோடு துருவில் ஒட்டிக்கொள்ளும், பிறகு கோட்டம் எடுக்கவே முடியாது. நீளத்தை ஊகித்து வாங்காதீர்கள். ரிம்மின் எதிரெதிர்த் துளைகளில் இரண்டு கம்பிகளை நிப்பிளோடு மாட்டி, கம்பி முடியும் இடத்துக்கு இடம் விட்டத்தை அளக்க வேண்டும். உதாரணத்துக்கு அது 600 மி.மீ. என்றும், ஹப்பின் துளை வட்டம் 66, நடுவிலிருந்து தட்டு 35 மி.மீ. என்றும் வைத்தால், மூன்று குறுக்குப் பின்னலில் 36 துளைக்கு 286 மி.மீ. கம்பி வரும். அதே ஹப் 32 துளையாக இருந்தால் 290. துளை எண்ணிக்கை மாறினாலே நான்கு மி.மீ. மாறுகிறது, கடையில் “700க்கு இதுதான் சைஸ்” என்று கொடுப்பதை வாங்கக் கூடாது என்பதற்குக் காரணம் இதுதான். ரிம்மும் ஹப்பும் கைக்கு வந்த பிறகே கம்பி வாங்குங்கள். பாரிமுனை பக்கம் ரத்தன் பஜாருக்குப் போனாலும் அளவை எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்.

பணம் மிச்சமானால் ஹப்பில் கூட்ட வேண்டாம், சக்கரம் கட்டுபவரின் கூலியில் கூட்டுங்கள். சாதாரண ஹப்பும் சாதாரண ரிம்மும் நல்ல கையில் கட்டப்பட்டால் பல வருஷம் அசையாது. உயர்ந்த பொருளைத் தளர்வாகக் கட்டினால் கம்பி ஒவ்வொன்றாக ஹப்பின் வளைவில் அறும். விறைப்புமானி வைத்திருப்பவரைத் தேடுங்கள். ரிம் தாங்குமானால் கம்பிக்கு 110 கிலோ விசை அளவில், ஒரு பக்கத்துக் கம்பிகளெல்லாம் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்கட்டும்.

பிரேக் பற்றிக் கேட்டீர்கள். பிரேக் இல்லாத சைக்கிளுக்கான இடம் வெலோட்ரோம். மேலக்கோட்டையூரில் விளையாட்டுப் பல்கலைக்கழக வளாகத்தில் இருப்பது போன்ற மூடிய தடம். அங்கே எல்லோரும் ஒரே திசையில் போகிறார்கள், யாருக்கும் பிரேக் இல்லை, திடீரென்று யாரும் நிற்கவும் மாட்டார்கள். சாலையில் நிறுத்தும் வலிமை முன் சக்கரத்தில்தான் இருக்கிறது, ஏனென்றால் நிற்கும்போது எடை முன்னால் சாய்கிறது. காலால் பின் சக்கரத்தை மட்டும் பூட்டி நிறுத்தினால், முன்பிரேக்கோடு நிற்பதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு தூரம் போகும். 2016ல் லண்டனில் முன்பிரேக் இல்லாத ஃபிக்ஸ்டு சைக்கிள் மோதி, சாலையைக் கடந்த ஒரு பெண் இறந்தார். ஓட்டிய இளைஞருக்கு மறு ஆண்டு 18 மாதத் தண்டனை கிடைத்தது. வேலப்பன்சாவடியிலும் சாலையைக் கடப்பவர்கள் மனிதர்கள்தான்.

உங்கள் ஃபோர்க்கின் தலையில் பிரேக் போல்ட்டுக்குத் துளை இருக்கிறதா பாருங்கள். அங்கிருந்து புது ரிம்மின் பக்கச் சுவருக்குள்ள தூரம் 73 மி.மீ.க்குள் இருந்தால், 55 முதல் 73 வரை எட்டும் டெக்ட்ரோ ஆர்559 போன்ற நீள்கை கேலிப்பர் பொருந்தும். எட்டாவிட்டால் இன்னொரு வழி, ஸ்டர்மி-ஆர்ச்சர் 70 மி.மீ. டிரம் பிரேக் உள்ள முன் ஹப். மழைத் தண்ணீரோ சேறோ அதைப் பாதிக்காது, ரிம்மும் தேயாது. கிடைத்தால் உங்கள் பயணத்துக்கு அதுவே முதல் தரம் என்பேன். பின் சக்கரம் ஃப்ரீவீல் பக்கம் ஓடும் நாள்களுக்குப் பின்பிரேக்கும் வேண்டும்.

பல் எண்ணிக்கையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முன் பல்சக்கரத்தில் 44 பல் என்றால் பின்னால் 17, 48 என்றால் 19. நிமிடத்துக்கு 80 சுற்று மிதித்தால் மணிக்கு 26, 27 கிலோமீட்டர். 48க்கு 16 போட்டுவிடாதீர்கள், மிகக் கனம். தவிர அந்த விகிதம் சரியாக மூன்று என்பதால், காலைப் பூட்டிச் சறுக்கும்போதெல்லாம் டயரின் அதே இடம்தான் தரையில் தேயும். 19 போட்டால் தேய்மானம் 19 இடங்களில் பரவும். செயின் அரை இன்ச் x 1/8, உங்கள் சைக்கிளில் ஓடிய அதே அளவு. பெடல் தண்டைப் பிடிக்கும் காட்டர் பின் இரண்டையும் புதிதாகப் போடுங்கள். முன்னும் பின்னும் மாறி மாறி விசை வருவதால் தேய்ந்த பின் சீக்கிரம் ஆடத் தொடங்கும். பெடலில் கால் பட்டையும் வேண்டும்.

பல்சக்கர மரையில் கிரீஸ் தடவி, முழுப் பலத்தோடு இறுக்கி, லாக்ரிங் போடுங்கள். ஒரு மேம்பாலம் ஏறி இறங்கிவிட்டு வந்து லாக்ரிங்கை மறுபடி இறுக்குங்கள். ஏறும்போது பல்சக்கரம் இன்னும் கொஞ்சம் உள்ளே போயிருக்கும், லாக்ரிங் அங்கே தளர்ந்து நிற்கும். முதல் 200 கிலோமீட்டருக்குப் பிறகு சக்கரத்தைக் கட்டியவரிடமே கொடுத்துக் கம்பி விறைப்பைப் பார்க்கச் சொல்லுங்கள். முதல் சில வாரம் ஃப்ரீவீல் பக்கமாகவே வேலைக்குப் போங்கள். ஃபிக்ஸ்டை ஞாயிறு காலையில், குத்தம்பாக்கத்தின் உள் தெருக்களில், முன்பிரேக்கில் விரல் வைத்துப் பழகுங்கள். கால் தானாக நிற்க முயல்வது விட்டுப்போன பிறகு சக்கரத்தைத் திருப்பிப் போட்டுக்கொண்டு நெடுஞ்சாலைக்கு வாருங்கள்.